சூசையம்மாளின் புது இடுப்பு

எங்கள் மருத்துவமனையில் யாருக்கு இடுப்பு மாற்றுகிறார்களோ, அவரே கிருமிநீக்க அறைக்கு வந்து தன் உலோக மூட்டுக்குக் காவல் இருக்க வேண்டும். சூசையம்மாள் முறிந்த இடுப்போடு நடந்தே வந்தார். மீன் விற்கிறவர். கூடையைக் கவிழ்த்துப் போட்டு நீராவி இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“என் எலும்பு வெந்துட்டா, பிள்ள?”

“இன்னும் இல்லம்மா.”

அந்த அறைக்குப் பொறுப்பு நான். பெயர் எஸ்கலின். ஒரு கிருமியைக் குப்பியில் போட்டு, மூட்டோடு சேர்த்து இயந்திரத்துக்குள் அனுப்புவோம். லேசில் சாகாத வகை. அது செத்தால் மற்றவை எல்லாம் செத்திருக்கும். வெளியே எடுத்ததும் சத்துநீர் கொடுத்து, இதமான சூட்டில் வைத்து, உயிரோடு இருக்கிறதா என்று அதனிடமே கேட்போம்.

டாக்டர் இளவழகன் வந்தார். அறுவை அரங்கு பக்கத்து அறைதான். ஆனால் அவர் அவசரப்பட்டால் நடைபாதை நீண்டுவிடும். அன்று பேருந்து பிடித்து வந்திருந்தார். கையில் டிக்கெட் இருந்தது.

“முழுச் சுற்று எதுக்கு? அவசரச் சுற்று போதும்” என்று அவரே பொத்தானை அழுத்தினார்.

“அது ஆபரேஷன் நடுவுல கத்தரிக்கோல் கீழ விழுந்தா செய்றது டாக்டர். இது ஆயுசுக்கும் உடம்புக்குள்ள இருக்கப்போறது.”

“ஒரு தடவதானே.”

இயந்திரம் பெருமூச்சு விட்டு நின்றது. குப்பியை எடுத்துச் சத்துநீர் கொடுத்தேன். காத்திருந்து கேட்டேன்.

“உயிரோட இருக்கியா?”

“இல்ல, செத்துட்டேன்” என்றது கிருமி. பணிவான குரல்.

“கேட்டீங்கல்ல? மூட்டைக் குடுங்க” என்றார் டாக்டர்.

“செத்தது பேசாது டாக்டர்.”

“பொய் சொல்ல அதுக்கு என்ன அவசியம்?”

சூசையம்மாள் எங்கள் இருவரையும் பார்த்தார்.

“எங்க மைனிக்கு இப்படித்தான் அவசரத்துல இரும்பு வச்சாவ. உள்ள சீழ் புடிச்சி கடைசியில கால எடுத்துட்டாவ. அந்தக் கால் இப்பவும் தனியா சந்தைக்குப் போவுது. மைனிதான் வீட்டுல கெடக்கா.”

டாக்டர் கையுறைகளைக் கழற்றினார். தரையில் உட்கார்ந்தார்.

“முழுச் சுற்றே போடுங்க, எஸ்கலின்.”

மூட்டை மறுபடி கழுவித் துடைத்து, புதிய துணியில் சுற்றினேன். கிருமியைப் பக்கத்தில் வைத்தேன்.

“போயிட்டு வரேன்” என்றது அது.

“வராத” என்றேன்.

இயந்திரம் தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டது. டாக்டரும் சூசையம்மாளும் சாளை மீனைப் பற்றிப் பேசினார்கள். பேசப் பேச நடைபாதை சுருங்கியது. அரங்கின் விளக்கு எங்கள் அறைக்குள்ளேயே விழ ஆரம்பித்தது.

குப்பியை எடுத்து, சத்துநீர் கொடுத்து, இதமான சூட்டில் வைத்துக் காத்திருந்தேன். உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டேன். பதில் இல்லை. அப்போதும் எனக்குத் திருப்தி இல்லை.

“சாப்பிட்டியா?” என்று கேட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க யாராலும் முடியாது.

குப்பி சும்மா இருந்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. சுற்றிய துணியைப் பிரிக்காமல் மூட்டை டாக்டரிடம் கொடுத்தேன். சூசையம்மாள் எழுந்து, எட்டி ஒரு அடி வைத்தார். அங்கேயே அறுவை மேஜை இருந்தது. படுத்துக்கொண்டார்.

மாலையில் புது இடுப்போடு என் வாசலைக் கடந்து போனார். நடையில் எந்தக் கோணலும் இல்லை.

பிறகு நான் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வெளியே பேச்சுக் குரல் கேட்டது. கிருமியின் சொந்தக்காரர்கள். கண்ணுக்குத் தெரியவில்லை. நிறையப் பேர் என்பது மட்டும் தெரிந்தது.

“ஒரு தடவ முகத்தப் பாக்கணும்மா.”

“கை கழுவிட்டு உள்ள வாங்க.”

“கழுவினா நாங்க இருக்க மாட்டோமே.”

அதுவும் சரிதான். குப்பியைக் கொண்டுபோய், கழுவாதவர்கள் தாண்டக் கூடாது என்று வாசலில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தேன். அவர்கள் அழுது முடிக்கும்வரை நான் இந்தப் பக்கம் நின்றேன்.