பச்சையம்மாவின் ஊர்

ஆபீஸில் அவளுக்குப் பச்சையம்மா என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. அதைக் கூப்பிட ஆளில்லை. ஊரிலுள்ள அத்தனை ரோடு, சிக்னல், பஸ், பஸ்ஸுக்காக நிற்கிற ஜனம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டு, எந்த ரூட்டுக்கு எத்தனை பஸ் வேண்டும் என்று சொல்வதுதான் அவள் வேலை. நெரிசல் என்றால் திரையில் சிவப்பு. தடையில்லாமல் ஓடினால் பச்சை. அவள் கடைசியாகச் செய்த மாடலில் ஒரு பொட்டுச் சிவப்பு கிடையாது. மேனேஜரே வாயைப் பிளந்து, "ஏம்மா, இது ஊரா, வாழைத்தோட்டமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்து வைத்தாள்.

சிரிப்பு எங்கே வந்தது? புருஷன் போனதிலிருந்து எதுவுமே வரவில்லை. நெஞ்சு வலிக்குது என்று ஆஸ்பத்திரிக்கு நடந்தே போன மனுஷன், திரும்பி வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் அழுதார்கள். இவள் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என்ன கல்நெஞ்சுடி என்று நாத்தனார் காதுபடவே சொன்னாள். கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளுக்கே அன்றைக்குச் சுருக்கென்று வந்தது. மகளின் டீச்சர் போன் பண்ணியிருந்தாள். மகளுக்கு இது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம்.

"பாதி நாள் வர்றதில்ல. கேட்டா பஸ் நிக்கலன்னு ஒரே பாட்டு. இப்படியே போனா பரீட்சைக்கு உட்கார விடமாட்டாங்க. பொய் சொல்றவளுக்கு நான் எப்படிங்க பரிஞ்சு பேசறது?"

சாயங்காலம் மகள் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"எந்த பஸ்ஸுடி நிக்கல?"

"தெருமுனையில வர்றதுதான். எள்ளு போட்டா எள்ளு விழாது, அவ்வளவு கூட்டம். நிறுத்தாமயே போயிடறாங்க."

"என் காதுல பூ சுத்தாத. அந்த ரூட்டுக்கு மாடல் போட்டதே நான்தான். அந்த ஸ்டாப்புல யாருமே விடுபடறது இல்ல."

மகள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"யாருமே விடுபடலன்னா, அப்போ நான் யாரும்மா?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதுவும் மெதுவாக, சத்தமே வராமல். படாரென்று அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் ஆபீஸ் போனதும் முதல் வேலையாக மாடலைத் திறந்தாள். மகள் புளுகுகிறாள் என்று காட்டத்தான் திறந்தாள், அதில் என்ன ஒளிவுமறைவு? காலை நேரத்தை ஓடவிட்டு, தன் தெருமுனை ஸ்டாப்பை மட்டும் பெரிதாக்கினாள். ஒரு பயணிக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் வந்து நின்றன. பஸ் வந்தது, நிரம்பி வழிந்தது, ஒரு புள்ளியைக்கூட ஏற்றிக்கொள்ளாமல் போனது. நின்ற புள்ளிகள் நின்றபடியே இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக மறைந்தன. ஏறவில்லை, நடக்கவில்லை. இருந்த இடத்திலேயே இல்லாமல் போயின.

அடிப்பாவி என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள்.

பெரிய ஊரை ஓடவிடும்போது இது நடப்பதுதான். ஒரு ஸ்டாப்பில் கூட்டம் அடைத்துக்கொண்டால் பஸ் நகராது. பின்னால் வருவது நிற்கும். கடைசியில் மாடல் மொத்தமும் உறைந்துவிடும். அதனால் சோதனை ஓட்டத்துக்கு மட்டும் ஒரு விதி போட்டுவைப்பார்கள். ரொம்ப நேரம் நிற்கிற ஆளைத் தூக்கிவிடு. தூக்கப்பட்ட ஆள் எந்தக் கணக்கிலும் வரமாட்டான். நிஜக் கணக்குக்கு ஓடவிடும் முன்னால் அந்த விதியை எடுத்துவிட வேண்டும். புருஷன் போய், வேலைக்குத் திரும்பி வந்த வாரம் அவள் போட்ட விதி அது. எடுக்க மறந்திருந்தாள். அந்த வாரம் செருப்பைக்கூட ஜோடி மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தவள்.

விதியை எடுத்துவிட்டு ஓடவிட்டாள். ஊர் சிவந்தது.

மேனேஜர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"என்னம்மா இது, வாழைத்தோட்டத்துல மிளகாய் காயப் போட்டுட்ட? அந்த ரூட்ல பஸ்ஸைக் குறைக்கலாம்னு மத்தியானம் மீட்டிங்ல சொல்லப் போறோம்!"

"குறைக்கக் கூடாது சார். நின்னுட்டிருந்தவங்களை மாடல் தூக்கிட்டிருந்துச்சு. நான்தான் கவனிக்கல."

"இன்னிக்குப் பழசையே காட்டிடுவோம். அப்புறமா பூசி மெழுகிக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"என் பொண்ணுக்குத் தெரியும் சார். அந்த ஸ்டாப்புல நிக்கறவ அவதான்."

அவர் தலையிலிருந்து கையை எடுத்தார். "சரி, சிவப்பையே கொடு. வாங்கிக் கட்டிக்கப் போறது நான்தானே," என்று முனகிக்கொண்டே போனார்.

உடனே டீச்சருக்குப் போன் போட்டாள். "என் பொண்ணு பொய் சொல்லலைங்க. பஸ் நிக்கறதில்ல. அவளை நம்பாதது என் தப்பு."

"அப்படியா? சரி, நாளைக்கு அவளைக் கூட்டிக்கிட்டு நேர்ல வாங்க. நான் பேசிப் பாக்கறேன்," என்றாள் டீச்சர். "ஆனா அவ இன்னிக்கும் வரலையேம்மா."

தூக்கப்பட்ட ஆள் எங்கே போவான் என்று மாடல் கேட்பதில்லை. அவளும் இத்தனை நாள் கேட்டதில்லை. லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே, ஜன்னலோரம் அப்பாவின் நாற்காலியில், யூனிபார்மோடு மகள் உட்கார்ந்திருந்தாள். கால்களில் ஷூ. பையைக்கூடத் தோளிலிருந்து கழற்றவில்லை.

"தினமும் இங்கதான் வந்துடுவியா?"

"கொஞ்ச நேரம் நிப்பேன். பஸ் போயிடும். அப்புறம் இங்க வந்துடுவேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே கண்ணு."

"சொன்னேனேம்மா. எத்தனையோ தடவ சொன்னேன். உம்உம்னு சொல்லிட்டுத் தட்டைப் பாத்துட்டே இருப்ப. அப்புறம் சொல்றத விட்டுட்டேன்."

அவள் பக்கத்தில் போய் மகளின் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். பை செங்கல்லாகக் கனத்தது. இவ்வளவு கனத்தையும் சுமந்துகொண்டா இந்தக் குழந்தை தினமும் நின்றது? அதை நினைத்த மாத்திரத்தில், புருஷன் போனபோது வராத அழுகை வந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். மகள் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நாளைக்குக் காலையில நானும் உன்கூட ஸ்டாப்புல வந்து நிக்கறேன்," என்றாள் அம்மா.

"பஸ் நிக்காதும்மா."

"தெரியும்."