முருகம்மாள் வீட்டு ஓலை

எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்திடம் ஒரு வேலையைக் கொடுத்தால், முதலில் அந்த வேலைக்குப் பொருத்தமாக ஒரு பாட்டைத் தேடுவார்கள். பாட்டு அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பு. அவர்களோடு மல்லுக்கட்டியே எனக்குத் தலைமுடி நரைத்தது.

எழுபத்தெட்டில் கார்த்திகையில் அடித்த புயல் சங்கரன்கோவிலையும் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுத்தான் போனது. சர்ச்சுக்குப் பின்தெருவில் முருகம்மாளின் மண்வீடு இருந்த இடத்தில் அடுப்புக்கல் மட்டும் மிஞ்சியது. அவள் மகள் கோமதித்தாய் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த நேரம். வீடே இல்லாமல் போகவே, இருவரும் பக்கத்து விசைத்தறிக் கொட்டகையின் ஓரத்தில் ஒதுங்கினார்கள். ராப்பகலாகத் தறி ஓடுகிற இடம். நிறைமாதக்காரி அங்கே எப்படிக் கண்ணயர்வாள்?

வீட்டைத் திரும்பக் கட்டித் தருவோம் என்று ஐக்கியத்தின் செயலாளர் ஞானஒளிவு ஆராதனை முடிவில் எழுந்து அறிவித்தான். நல்ல பையன்தான். வாயைத் திறந்தால் பிரசங்கம் என்பது ஒன்றுதான் குறை. மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துச் சபையார் கூரைக்கு வண்டி நிறையப் பனையோலை அனுப்பினார்கள். டீச்சர் ஆயிற்றே, பையன்களை மேய்த்துப் பழக்கம் இருக்கும் என்று மேற்பார்வையை என் தலையில் கட்டினார்கள்.

காலையில் வந்ததும் பாட்டு. பிறகு வேதவாசிப்பு, ஜெபம், ஞானஒளிவின் சிறு பிரசங்கம். அது ஒருநாளும் சிறியதாக இருந்ததில்லை. அப்புறம் டீ. மண் குழைக்க இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். ஒருநாள் ஸ்டூடியோக்காரரை அழைத்து வந்து படம் எடுத்தார்கள். சட்டையில் சேறு படாதவர்கள் அள்ளிப் பூசிக்கொண்டு நின்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

இதையெல்லாம் முருகம்மாள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"டீச்சர், மார்கழி பொறந்துட்டா நாங்க புது வீட்டுல பால் காய்ச்ச மாட்டோம். கார்த்திகைக்குள்ள முடிச்சுருங்க. இல்லன்னா தை வரைக்கும் எம்மவ தறிக்கொட்டகையிலதான் கெடக்கணும். பிள்ளையும் அங்கனதான் பெறணும்."

இதை நான் ஐக்கியத்தில் சொன்னேன். நமக்கு நாள் நட்சத்திரம் கிடையாது, விசுவாசம் போதும் என்று ஞானஒளிவு விளக்கம் சொன்னான். நமக்குக் கிடையாதுதான். வீடு நமக்கா கட்டுகிறோம்? அதுவும் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் வைக்கக் கூடாது என்று சொந்த அக்காள் கல்யாணத்தையே தள்ளிப்போட்ட குடும்பம் அவனுடையது. அதைச் சொல்லிக் காட்டியதும் முகம் சுருங்கிப் போனான். சொன்ன தேதிக்குள் முடிப்போம் என்று வாக்குக் கொடுத்தான்.

சுவர் எழும்பிவிட்டது. ஈரம் காய்ந்ததும் கூரை வேய வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் பள்ளிக்கூடத்தில் அரைப்பரீட்சை வந்து, சில நாள் என்னால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. கார்த்திகை முடிய இரண்டு நாள் இருக்கும்போது போய்ப் பார்த்தேன். சுவர் நன்றாகக் காய்ந்து நின்றது. கூரை இல்லை, ஓலையும் இல்லை, ஒரு பயலையும் காணோம்.

சர்ச் முற்றத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. போனால், கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு மேடை போட்டிருக்கிறார்கள். மேடை நடுவில் மாட்டுத்தொழுவம். அதன் மேல் முருகம்மாள் வீட்டு ஓலை அத்தனையும் அழகாக வேய்ந்திருக்கிறது. அவ்வளவு நேர்த்தியாக அந்தப் பையன்கள் ஒரு வேலையைச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"சுவரு காயுத வரைக்கும் ஓலை சும்மாதானக்கா கெடக்கு. பண்டிகை முடிஞ்ச மறுநாளே பிரிச்சுக் குடுத்துருதோம்" என்றான் ஞானஒளிவு.

எனக்கு நாக்கில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. கத்திக்கொண்டிருக்கும்போதே முருகம்மாள் வந்துவிட்டாள். வேலை எப்போது தொடங்கும் என்று கேட்க வந்தவள், மேடையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு அது தன் ஓலை என்று தெரிந்துவிட்டது.

"இது ஆருக்குத் தம்பி வீடு?"

மரியாளுக்கு என்று ஞானஒளிவு தொடங்கினான். பிரசவ நேரத்தில் ஊரில் எங்கேயும் இடம் கிடைக்காமல், கடைசியில் மாட்டுத்தொழுவத்தில் பிள்ளை பெற்ற கதையை உருக்கமாகச் சொன்னான். முருகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"நெறமாசக்காரியா? ஒருத்தரும் இடம் குடுக்கலையா? அப்போ பிரிக்காதீய தம்பி, அவளுக்கே இருக்கட்டும். எம்மவளுக்காவது தறிக்கொட்டகை இருக்கு."

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஒரு வேதவசனம் சொல்லிச் சமாளித்திருப்பான். மனதாரச் சொல்லிவிட்டு, மகளுக்குக் கஞ்சி வைக்க வேண்டும் என்று திரும்பி நடந்துவிட்டாள். சுத்தியல்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

ஞானஒளிவு அரிவாளை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். பாதியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிப்போமா?"

"ஓலைக்கட்டை அறுத்துக்கிட்டே பண்ணுலே" என்றேன்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் கூரை ஏறிவிட்டது. பாட்டும் இல்லை, படமும் இல்லை. கார்த்திகையின் கடைசி நாள் முருகம்மாள் பால் காய்ச்சினாள். கோமதித்தாய் உள்ளே பாயை விரித்துப் படுத்தவள், பால் பொங்கியதுகூடத் தெரியாமல் தூங்கிப்போனாள். எழுப்ப வேண்டாம் என்று நான் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

நாடகத்தன்று மேடையில் நான்கு கம்புகள் மட்டும் நின்றன. மரியாள் வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தாள். ஒத்திகையில் தொழுவத்தைப் பார்த்துப் பாராட்டியிருந்த குருவானவர், கூரை எங்கே என்று ஞானஒளிவிடம் கேட்டார்.

"அதுக்குக் கீழ ஆளு இருக்காவ ஐயா" என்றான்.

அந்த வருஷம் முழுவதும் அவன் சுருக்கமாகப் பேசியது அது ஒன்றுதான்.