பாலத்துப் படம்

மருந்துக்கடைக்காரர் வீட்டு முன்னறையில், ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஆற்றோடு போன ஒருவன் வந்து உட்கார்ந்து, எழுந்து போகாமல் மூன்று மழைக்காலம் இருந்தான். ஜன்னலோரத்து மரநாற்காலிதான் அவனுக்கு இடம். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்ததால் நாற்காலிக்கு அடியில் ஒரு வாளி வைத்து, காலையும் மாலையும் எடுத்துக் கொட்டினார்கள். செத்தவன் எப்படி வந்தான் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. வருகிறவர்கள் ஒரு சாயங்காலம் இருந்துவிட்டுப் போய்விடுவதுதானே வழக்கம், இவன் மட்டும் ஏன் போகவில்லை என்பதுதான் பேச்சு.

இந்த வழக்கம் தொடங்கியது நகராட்சி ஆவணக்காப்பகத்தில். பெயர்தான் பெரிது. பழைய தானியக் கிடங்கின் மாடியில் ஒரு நீள அறை, தகர அலமாரிகள், ஒழுகுகிற இடத்தில் ஒரு பாத்திரம், அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பதிவேடுகள், நாடக நோட்டீஸ்கள், மூடிப்போன ஸ்டூடியோவிலிருந்து வந்த படப்பெட்டிகள் எல்லாம் அங்கே குவிந்து கிடந்தன. அதைக் கட்டி மேய்த்த பெண்ணை ஊரே பெட்டிக்காரக்கா என்று கூப்பிட்டது. அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஊர்ப்பணத்தில் நடக்கிற இடத்தால் ஊருக்கு என்ன லாபம் என்று நகராட்சித் தலைவர் ஒருநாள் எரிந்துவிழ, அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் பழைய படங்களைச் சுண்ணாம்பு அடித்த சுவரில் பெரிதாக்கிக் காட்ட ஆரம்பித்தார். தெரிந்த முகம் இருந்தால் எழுந்து வந்து, ஜன்னல் திறக்கிற நீளக் கம்பால் தொட்டு, பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். “மறுப்பு யாருக்காவது உண்டா?” என்று அக்கா கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதிக்கொள்வார்.

முதலில் பெயர் சொல்லப்பட்டவர் சந்தைப் படத்தின் ஓரத்தில் நின்ற, என்றோ இறந்துபோன ஒரு முடிதிருத்துபவர். சொன்னது அவருடைய மகள். திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தால் படத்தில் ஆளைக் காணோம். அவர் நின்ற இடத்தில், அவர் முதுகு மறைத்திருந்த சுவரும் அதில் ஒட்டியிருந்த சோப்பு விளம்பரமும் பளிச்சென்று தெரிந்தன. படத்தைக் கெடுத்ததாகத் தன் தலையில் கட்டிவிடுவார்களே என்று அக்கா கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போது அந்த மகளே மாடியேறி வந்தாள்.

“சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வந்தாருக்கா. ஒரு டம்ளர் தண்ணி குடிச்சாரு. என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு. விளக்குப் போட்டதும் பின்வாசல் வழியா போயிட்டாரு.” காய்கறி வாங்கி வந்ததைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஊர் மாடிப்படியை உடைக்காத குறை. சில வருடங்களில் சந்தைப் படங்களில் தராசும் கூடைகளும் மட்டும் மிஞ்சின. கல்யாணப் படங்களில் வெறும் நாற்காலிகள். பள்ளிக்கூடப் படம் ஒன்றில் கணக்கு வாத்தியார் மட்டும் பிரம்போடு தனியாக நின்றார். அவரைத் தெரியாதவர்கள் யாருமில்லை. ஆனால் பெயர் சொன்னவர் வீட்டுக்குத்தான் வருவார்கள் என்று தெரிந்துபோனதால் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பெயர் சொல்லப்படாதவர்கள் பெட்டிக்குள் பொறுமையிழந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் மூடிய பெட்டிகளிலிருந்து தொண்டையைச் செருமுகிற சத்தம் வரும். திறந்து பார்த்தால், போன வாரம் தலை கலைந்திருந்தவர் இந்த வாரம் படிய வாரியிருப்பார். பின்வரிசையில் நின்றவர் யாரையோ தள்ளிவிட்டு ஓரடி முன்னால் வந்திருப்பார். அக்கா பழகிவிட்டார். சத்தம் தாங்க முடியாதபோது அலமாரியைத் தட்டி, “வர்றேன், இருங்க” என்பார்.

அவர் காட்டாமல் வைத்திருந்தது ஒரே ஒரு படம், அடி இழுப்பறையில். பாதி கட்டிய பாலத்தின்மேல் வேலையாட்கள் வரிசையாக நிற்கிற படம். அது எடுத்த அதே வாரம் வெள்ளம் வந்து சாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. போனவர்களில் ஒருவர் உடலும் கிடைக்கவில்லை. முன்வரிசையில், தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அக்காவின் அண்ணன். அவன் மடியின் குறுக்கே கறைபோல ஒரு கறுப்பு. அப்பா அம்மா போய்விட்டார்கள், வீட்டில் வேறு படம் கிடையாது. அன்றாடம் மதியம் இழுப்பறையைத் திறந்து வைத்து, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அக்கா சாப்பிடுவார். அவன் பெயரைச் சொன்னால் ஒரு சாயங்காலம் வருவான், அதோடு சரி. அந்த ஒரு சாயங்காலத்துக்காக இத்தனை மதியங்களை இழக்க அவருக்கு மனம் வரவில்லை. சுயநலம்தான், அவரே அதை மறுக்க மாட்டார்.

பாலத்துக்குப் பொன்விழா வந்தது. அந்தப் படம் இருப்பது ஊருக்கே தெரியும், நகராட்சித் தலைவர் காட்டியே ஆகவேண்டும் என்றார். அக்கா மென்று முழுங்கிப் பார்த்தார், நடக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை ஒவ்வொரு குடும்பமாக எழுந்து வந்து பெயர் சொல்லச் சொல்ல, மாடித் தரை ஈரமாகிக்கொண்டே வந்தது. கடைசியில் முன்வரிசையில் ஒருவன்தான் பாக்கி. அப்போது மருந்துக்கடைக்காரரின் அம்மா எழுந்தார். தொண்ணூறை நெருங்குகிறவர், நாக்கு மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது. அவருடைய மூத்த மகனும் பாலத்தோடு போனவன். கம்பை வாங்கி அக்காவின் அண்ணன் முகத்தில் வைத்து, தன் மகன் பெயரைச் சொன்னார்.

“மறுப்பு யாருக்காவது உண்டா?” அக்காதான் கேட்டார். மறுக்க வேண்டியவரும் அவர்தான். மறுத்தால் உண்மைப் பெயரைச் சொல்லியாக வேண்டும், சொன்னால் அண்ணன் போய்விடுவான். தப்பான பெயருக்கு அவன் அசைய மாட்டான், படத்திலேயே பத்திரமாக இருப்பான் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டார். வாயை மூடிக்கொண்டார். கணக்குத் தப்பிவிட்டது. திங்கட்கிழமை அடி இழுப்பறையில் படத்தை வைக்கும்போது முன்வரிசை காலி என்று ஓரக்கண்ணால் தெரிந்தது. நேராகப் பார்க்கத் தைரியமில்லாமல் கவிழ்த்துப் பூட்டினார். அண்ணன் மருந்துக்கடைக்காரர் வீட்டு நாற்காலியில் இருந்தான். தன் பெயரைக் கேட்டு வராததால் அவனுக்குப் போகவும் தெரியவில்லை.

அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே போனார். தலைவலி மாத்திரை, இருமல் மருந்து என்று ஏதாவது சாக்கு. அண்ணன் அவரைப் பார்ப்பான், அடையாளம் தெரியாது. அவன் விட்டுப்போனது ரெட்டைச்சடை போட்ட ஒரு சின்னப்பெண்ணை. எதிரே நிற்பது மூக்குக்கண்ணாடியும் நரையுமாக யாரோ ஒரு அம்மாள். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு திரும்புகிற வழியில் அக்கா அழுவார். மருந்துக்கடைக்காரருக்கு வேறு கவலை. “அண்ணன்னு வந்தாச்சு, போன்னு சொல்ல முடியுமாக்கா? ஆனா தரையெல்லாம் ஊறிப்போச்சு, கதவு சாத்த மாட்டேங்குது.”

மூன்றாவது மழைக்காலத்தில் அவன் முகம் அழிய ஆரம்பித்தது. தண்ணீரில் ஊறிய படம்போல முதலில் புருவம் போனது, பிறகு மூக்கின் நுனி. வேற்றுப் பெயரால் ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கண்ணின் ஓரங்கள் கரையத் தொடங்கிய வாரம், மருந்துக்கடை அம்மா ஆள் அனுப்பி அக்காவை வரச்சொன்னார்.

“உன் வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு?” என்றுதான் ஆரம்பித்தார். “இருமலே இல்லாம எத்தனை பாட்டில் இருமல் மருந்து வாங்குவ?”

“என்னம்மா சொல்றீங்க?”

“என் பையன் இடது கைக்காரன்டி. இவன் வந்த அன்னிக்கே டம்ளரை வலது கையில வாங்கினான். பெத்தவளுக்குத் தெரியாதா? என் புள்ள அந்தப் படத்துலயே இல்ல. எல்லார் வீட்டுக்கும் வந்தாங்க, எனக்கு மட்டும் யாருமில்ல. யாராவது வந்தா போதும்னு இருந்துச்சு. உன் அண்ணன்னு தெரியும், நீ மறுப்பேன்னு பாத்தேன், நீ மரம் மாதிரி நின்ன. சரி, இவளுக்கு வேணாம்போலன்னு நானும் வெச்சுக்கிட்டேன்.” நாற்காலியைக் கைகாட்டினார். “இப்ப பாரு அந்த மூஞ்சிய. நாம ரெண்டு பேருமா சேர்ந்து ஒருத்தனை அழிச்சுக்கிட்டிருக்கோம். கூப்பிடுடி, கூட்டிட்டுப் போ.”

அக்கா நாற்காலி முன்னால் போய் நின்று, வீட்டில் அவனைக் கூப்பிடுகிற செல்லப்பெயரை முதலிலும் முழுப்பெயரைப் பிறகும் சொன்னார். அவன் எழுந்தான். மருந்துக்கடை அம்மா முந்தானையால் அவன் தலையை ஒருமுறை துவட்டி அனுப்பினார். அக்கா முன்னால் போக, அவன் ஈரக்காலோடு பின்னால் நடந்தான். கடைத்தெருவில் சைக்கிள்கள் ஒதுங்கி வழிவிட்டன. அக்கா வீடு அக்கரையில். பாலத்தைக் கடந்துதான் போகவேண்டும். நடுவில் அவன் நின்றான். கைப்பிடிச் சுவரைத் தடவிப் பார்த்தான். கீழே ஓடுகிற தண்ணீரைக் குனிந்து பார்த்தான். “வாண்ணா” என்றதும் வந்தான்.

வீட்டுக்குள் நுழையும்போது புருவமும் மூக்கும் திரும்பியிருந்தன. தண்ணீரைக் குடித்தான். அவரையே பார்த்தான். பிறகு கையை நீட்டி, நரைத்த கூந்தலில் ஒரு கற்றையைப் பிடித்து, சின்ன வயதில் சடையைப் பிடித்து இழுப்பதுபோல ஒரு இழு இழுத்தான். அறுபதை எட்டப்போகிற அந்த அம்மாள், “வலிக்குதுண்ணா!” என்று கத்தி, சிரித்து, அப்படியே அழுதார். விளக்குப் போடுகிற நேரத்தில் அவன் பின்வாசல் வழியாகப் போனான். தரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

மறுநாள், தப்பான பெயரை அழித்து எழுத அக்கா படத்தை வெளியே எடுத்து, அது காலியான பிறகு முதல்முறையாக நேராகப் பார்த்தார். யாரும் இல்லாத பாலம். ஆனால் தரை காலியாக இல்லை. அண்ணன் மடியில் கறையாகத் தெரிந்தது, அவன் எழுந்துபோன இடத்தில் முழுசாக விழுந்து கிடந்தது: ஒரு நிழல். கேமராவின் மேல் வெயில் படாமல் யாரோ குடை பிடித்திருக்கிறார்கள். ஒரு கம்பி ஒடிந்து தொங்கும் குடை, அதற்குக் கீழே ஒரு தலை, உயர்த்திய ஒரு கை. இடது கை.

அந்தச் சனிக்கிழமை மருந்துக்கடை அம்மாவை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கி வந்தார்கள். சுவரில் நிழல் ஆளுயரத்துக்கு விழுந்தது. கிழவி கம்பைக்கூட வாங்கவில்லை. நாற்காலியை நெருக்கமாகப் போடச் சொல்லி, உள்ளங்கையை அந்த இடது கையின் மேல் வைத்துக்கொண்டு, “எல்லாருக்கும் நிழல் பிடிச்சுட்டு நீ எங்கடா நின்னே” என்றார். மகன் பெயரைச் சொன்னார்.

“மறுப்பு யாருக்காவது உண்டா?” என்று அக்கா கேட்டார். மறுப்பு இல்லை.

சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு நிழல் வந்து உட்கார்ந்தது. குடையை மடக்கி மூலையில் சாய்த்தது. அம்மா டம்ளரை இடப்பக்கமாகத் தள்ளி வைத்தார். தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கியது. விளக்குப் போட்டதும் அறையிலிருந்த எல்லாவற்றுக்கும் நிழல் வந்தது, அது மட்டும் போய்விட்டது. வாளியை இப்போது செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்திருக்கிறார்கள்.

பாலத்துப் படம் இன்றைக்கும் ஆவணக்காப்பகச் சுவரில் மாட்டியிருக்கிறது. பாதிப் பாலம், ஆறு, நல்ல வெயில். வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்கள், இதில் ஆளே இல்லையே என்று கேட்பார்கள். வேலை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்பார் பெட்டிக்காரக்கா.