குதிரையை அவிழ்த்துவிடு

"விரல்தானே போச்சு, கழுத்தா போச்சு?" என்று கேட்டார் தையல் பட்டறை முதலாளி. என் தங்கை பெர்மெத்தின் இடது கையில் துணி வெட்டும் கத்தி இறங்கி, கட்டுப் போட்டு உட்காரவைத்திருந்த நேரம் அது. எதிரில் கொதிக்கிற தேநீர் இருந்தது. அதை அவர் முகத்தில் ஊற்றாமல் எழுந்து வந்ததை நினைத்தால் இன்னமும் எரிகிறது.

மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கினது மடங்கினபடியே நின்றுவிட்டன. மற்றவை அழுத்தும், அவ்வளவுதான். ரொட்டி பிய்க்க, துணி பிழிய அந்தக் கை போதும். எங்கள் ஊர் வாத்தியமான கோமுஸ் வாசிக்கப் போதாது. மூன்றே கம்பி அதற்கு, கழுத்தில் சுரத்துக்கு இடம் காட்டும் மெட்டுகள் கிடையாது. அழுத்திய விரலை அப்படியே நடுங்கவிட வேண்டும். பாட்டின் உயிர் அந்த நடுக்கத்தில்தான் இருக்கிறது. பெர்மெத் வாசித்தால், கல்யாண விருந்தில் கறித்துண்டுக்குச் சண்டை போடுகிற எங்கள் மாமன்மார்கூட வாயை மூடிக்கொள்வார்கள். இப்போது அவள் விரல் வைத்தால் சத்தம் குச்சி மாதிரி நிற்கிறது. "செத்த சத்தம் அக்கா" என்று அவளே சொல்லிவிட்டு கோமுஸைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள். ஒரு வருடமாக அது அப்படியே தொங்குகிறது.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும் என்று அப்பா சொன்னபோது, "அக்கா போகட்டும், எனக்கு ஊசி போதும்" என்று தையல் வேலைக்குப் பிஷ்கெக் நகரத்துக்குப் பஸ் ஏறியவள் அவள். நான் மின்சாரப் பொறியாளர் ஆனேன். அவளுக்குக் கை போனது. இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டினால் அவர் காலைத் தொட்டுக் கும்பிடத் தயார்.

இலையுதிர்காலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். எதிர்வீட்டு திலெக் அங்கே மின்கித்தார் வாசித்தான். பெர்மெத் பொரித்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல், அவனுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது மினிபஸ்ஸில் சொன்னாள்.

"அவன் கித்தார்ல வால் மாதிரி நீட்டிக்கிட்டு ஒரு பிடி இருக்குல்ல, அது வெச்சது ஒண்ணு எனக்கு வேணும். மூணு கம்பி போதும்."

"வாங்கவா?"

"வாங்க முடியாது. நீ செய். ஒரே தடவை வாசிச்சுப் பாப்பேன். வரலைன்னா கோமுஸை யாருக்காவது குடுத்துடலாம். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

ஏன் அந்த வால் என்று நான் கேட்கவில்லை. ஆசைப்படுகிறாள், செய்வோம் என்று மட்டும் நினைத்தேன்.

குளிர்காலம் முழுக்க வேலை. அக்ரூட் மரப் பலகையில் உடல். பழைய சாமான் சந்தையில் உடைந்து கிடந்த கித்தாரிலிருந்து கழுத்து. அதில் மெட்டுகள் இருந்ததால் இரண்டு விரல் சும்மா அழுத்தினாலே சுரம் நேராக விழும். ஆபீஸில் தூக்கி எறிந்த சாமானிலிருந்து செம்புக்கம்பி எடுத்து, கம்பிகளின் சத்தத்தைப் பிடிக்கிற காந்தத்தின்மேல் சுற்றினேன். கம்பிகள் வந்து உட்காரும் இரும்புக் குதிரையை மட்டும் தோர்தோய் பஜாரில் வாங்கினேன். அதன் அடியில் ஒரு கட்டை, கித்தாரின் வயிற்றுக்குள் தொங்கும். முதுகுப் பக்கக் குழியில் ஸ்பிரிங்குகள் அந்தக் கட்டையைப் பிடித்து இழுக்கும். முன்னால் கம்பிகள் ஒரு இழுப்பு, பின்னால் ஸ்பிரிங்குகள் ஒரு இழுப்பு. இரண்டுக்கும் நடுவில் குதிரை மிதக்க வேண்டும். குதிரையில் மாட்டிய வாலை அசைத்தால் குதிரை அசையும், சுரம் ஏறி இறங்கும்.

மிதந்தால்தானே! முதல் கம்பியை முறுக்கினேன். குதிரை மூக்கைத் தூக்கியது. இரண்டாவதை முறுக்கினேன், முதல் கம்பி இறங்கிவிட்டது. மூன்றாவதைச் சரிசெய்தால் முன்னிரண்டும் போச்சு. ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க இதே கூத்து. உலையில் நிலக்கரி தீர்ந்ததுகூடத் தெரியவில்லை.

திலெக் கதவைத் தட்டாமல் வந்தான். அவனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"என்ன இன்ஜினியரம்மா, மூணு கம்பிதான் இருக்கு? மீதியை எலி தின்னுடுச்சா?"

"உன் நாக்கையும் அது தின்னிருக்கலாம். வந்தா உதவி பண்ணு, இல்லைன்னா நிலக்கரி அள்ளிட்டு வா."

"இது ஆடுற குதிரை. இதோட மல்லுக்கட்டாதே. கல்யாணத்துல வாசிக்கிறவன் எவனும் இதை ஆடவிட மாட்டான். மூணு ஸ்பிரிங்கையும் மாட்டி, இறுக்கி, மரத்தோட படுக்க வெச்சுடு. சுருதி அசையாது. நானே அப்படித்தான் வெச்சிருக்கேன். வாலைப் பிடிச்சு ஆட்டுறதெல்லாம் பொண்ணுங்க பாக்கறதுக்கு."

அவன் சொன்னபடியே செய்தேன். குதிரை பலகையில் பதிந்து படுத்துக்கொண்டது. மூன்று கம்பியும் வைத்த இடத்தில் நின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பெர்மெத்! வாடி இங்கே. இனிமே இது அசையவே அசையாது."

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கித்தாரை மடியில் வைத்து, நல்ல இரண்டு விரலால் ஒரு மெட்டை அழுத்தி, வலது கையால் மீட்டினாள். சுரம் சுத்தமாக வந்தது. அதே கையின் சுண்டு விரலால் வாலை அழுத்தினாள். அது பூட்டின கதவு மாதிரி நின்றது. இன்னொரு தடவை, உள்ளங்கையை வைத்தே அழுத்திப் பார்த்தாள்.

"நல்லாருக்கு அக்கா" என்று சொல்லிக் கித்தாரை என்னிடம் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

அந்த 'நல்லாருக்கு' எனக்குத் தெரியும். அப்பாவிடம் 'எனக்கு ஊசி போதும்' என்று சொன்னதும் இதே குரல்தான். அவள் பின்னாலேயே போனேன். கோபத்தில் என் குரல் ஏறிவிட்டது.

"என்னடி நல்லாருக்கு? மூணு மாசமா உயிரை விட்டுச் செஞ்சிருக்கேன். பிடிக்கலைன்னா மூஞ்சில சொல்லு."

கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "அது ஆடணும்னுதானே அக்கா கேட்டேன். இடது கை நடுங்க மாட்டேங்குது. வலது கை நல்லாத்தானே இருக்கு? நடுக்கத்தை இந்தப் பக்கத்திலேருந்து குடுத்துப் பாக்கலாம்னு நினைச்சேன். நீ குதிரையைக் கட்டிப்போட்டுட்டே."

வாசலில் நின்ற திலெக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நான் நிலக்கரி அள்ளிட்டு வர்றேன்" என்று நழுவினான்.

நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். எல்லா ஸ்பிரிங்கையும் கழற்றினேன். முதலில் கோபம் ஆறட்டும் என்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கம்பியைத் தொட்டால் குதிரை நகர்கிறது, அதனால்தான் மற்றவை கெடுகின்றன. அப்படியானால் சுருதி கூட்டுகிற வரைக்கும் குதிரையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகு விட்டுவிட வேண்டும். தொங்கும் கட்டைக்கும் குழியின் பின்சுவருக்கும் நடுவே எதையாவது செருகலாம். மேசைமேல் அம்மா கொடுத்தனுப்பிய காய்ந்த தயிர் உருண்டைகள் இருந்தன. கல் மாதிரி. ஒன்றை எடுத்துக் கத்தியால் சீவினேன்.

"அம்மா பாத்தா உன் கையை ஒடிப்பா" என்றாள் பெர்மெத்.

"அம்மாவோட தயிரை நம்பித்தான் இருக்கேன். வா, பிடி."

அவள் கித்தாரை மடியில் நிமிர்த்திப் பிடித்தாள். நான் அதன் முதுகுப் பக்கம் மண்டியிட்டேன். இரண்டே ஸ்பிரிங், தளர்வாக. உருண்டையை இடுக்கில் செருகினேன். மூன்று கம்பிக்கும் சுருதி கூட்டினாள். இந்த முறை எதுவும் எதையும் கெடுக்கவில்லை. பிறகு ஸ்பிரிங்குகளை இழுத்துப் பிடிக்கும் இரண்டு திருகாணியையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். இது கொஞ்சம், அது கொஞ்சம். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

இரண்டு இழுப்பும் சமமாகிக் கட்டை விலகியதும், உருண்டை தானாகவே நழுவித் தரையில் 'டொக்' என்று விழுந்தது.

பெர்மெத் அதைக் குனிந்து எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டாள்.

"ச்சீ, துப்புடி! எண்ணெய் பட்டிருக்கு!"

"உப்பு சரியா இருக்கு" என்று கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மீட்டினாள். வாலைச் சுண்டு விரலால் தொட்டாள். சுரம் கிழட்டு ஆடு மாதிரி கத்தியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும். மறுபடி. இன்னும் லேசாக. சுரம் மேலே ஒரு மயிரிழை, கீழே ஒரு மயிரிழை என்று அசைந்து, நடுங்கி, நின்றது.

அது அவளுடைய நடுக்கம். கோமுஸில் நான் கேட்டுக்கேட்டு வளர்ந்தது. இடது கையிலிருந்து கிளம்பி, வீடு மாறி, வலது கைக்கு வந்திருந்தது.

நான் குனிந்து திருப்புளியைத் துடைத்தேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன். அவளுக்கு முன்னால் அழுவது எனக்குப் பிடிக்காது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒரு கம்பியை ஓங்கி மீட்டி வாலை அமுக்கி உதறினாள். அச்சு அசல் குதிரைக் கனைப்பு. ஊரில் அப்பாவின் செவலைப் பெட்டை தீனிக்குக் கத்துவது போலவே.

"யார்றா வீட்டுக்குள்ள குதிரை கட்டியிருக்கீங்க?" என்று நிலக்கரி வாளியோடு திலெக் உள்ளே வந்தான்.

"கட்டலை, அவிழ்த்துவிட்டோம்" என்றேன்.

அவன் வாளியை இறக்கி வைத்தான். பெர்மெத் கண்ணை மூடிக்கொண்டு பழைய பாட்டு ஒன்றைத் தொடங்கினாள். ஒவ்வொரு நீண்ட சுரத்திலும் சுண்டு விரல் வாலைத் தேடிப் போயிற்று. சில இடத்தில் பிந்தியது, சில இடத்தில் அதிகமாக நடுங்கியது. பாதிப் பாட்டில் நடுக்கம்பி கொஞ்சம் இறங்கிவிட்டது. என் காதுக்குப் பளிச்சென்று தெரிந்தது. நான் திருப்புளியோடு எழுந்தேன்.

"குடு, ஒரு நிமிஷம். நடுக்கம்பி இறங்கியிருக்கு."

"தெரியும்" என்றாள், கண்ணைத் திறக்காமல். "நீ உக்காருக்கா."

உட்கார்ந்தேன்.