பூட்டிய வீடு

நாங்கள் பிறந்து வளர்ந்த பலகை வீட்டை வாங்கியவர், அதை இரண்டாக அறுத்து லாரிகளில் ஏற்றிவிட்டார். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் வீடுகள் அப்படித்தான் ஊர் மாறும். புறப்படும் நேரத்தில் என் அண்ணன் நெவில், அறுபத்தெட்டு வயதில், ஏணி வைத்து ஏறி முன்கதவைப் பூட்டிவிட்டு இறங்கினான்.

"அண்ணே, ஒரு பக்கம் சுவரே இல்ல. மாடே நுழையலாம். எதுக்குப் பூட்டு?"

"அதுக்காகத் திறந்துபோட்டு அனுப்புவாங்களா, டெஸ்லி?"

லாரிகள் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் சாவி அவன் கையிலேயே இருப்பதைப் பார்த்தோம்.

"ஓடிப்போய்க் குடு. ஆமை வேகத்துலதான் போகுது."

அவன் ஓடவில்லை. வீட்டைத் தாங்கிய கட்டைகள் மட்டும் வெறும் தரையில் நின்றன. மூன்றாவது கட்டையின் அடியில், அம்மா வைக்கும் அதே இடத்தில், சாவியை வைத்தான்.

"யாருக்குண்ணே?"

"உனக்குத்தான். நீ என்னிக்கு சாவி எடுத்துட்டுப் போயிருக்க?"