மின்னல் சொல்லாமல் விட்ட வரி

நாடு மின்னலை மன்னிக்கப்போகிறது என்ற செய்தி வந்தபோது, கைக்காரர் வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் ஒரு நாற்காலியைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

நகரும் படிக்கட்டு வந்து முடியும் இடத்தில் ஆறு மசாஜ் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் உள்ளே உருளைகள் ஓடி முதுகைப் பிசையும். பக்கத்தில் நின்று, "தோளுக்கு மூணாம் நம்பர், இடுப்புக்கு அஞ்சாம் நம்பர்" என்று சொல்வதுதான் அவர் வேலை. இருபத்திரண்டு வருடம் ஓட்டக்காரர்களின் தொடையையும் கெண்டைக்காலையும் பிடித்துவிட்டவர் அவர். கைக்காரர் என்பது மைதானத்தில் வைத்த பெயர். இப்போது அந்தக் கை பொத்தான் அழுத்தியது. யாராவது "நல்லா வேலை செய்யுமா?" என்று கேட்டால், மனசாட்சியைக் கொஞ்ச நேரம் வெளியே நிற்கவைத்துவிட்டு, "கை மாதிரியே இருக்கும் சார்" என்பார்.

போனில் மனைவி. "தம்பிக்கு டிவியில நிகழ்ச்சி வெச்சிருக்காங்க. முழுசா ஒரு மணி நேரம். உங்களையும் வரச் சொல்றாங்க."

"என்னை எதுக்கு?"

"எதுக்குன்னா? அவன் சொல்லப்போறான்ங்க."

கைக்காரர் காலியாக இருந்த நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் அதில் உட்கார்ந்ததில்லை.

மின்னல் அவர் மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. நானூறு மீட்டர் ஓட்டக்காரன். மின்னல் என்று பத்திரிகைகள் எழுதின, நாடு அப்படியே கூப்பிட்டது. மூன்று வருடத்துக்கு முன் ஊக்கமருந்துச் சோதனையில் அவன் மாட்டியதும் அதே பத்திரிகைகள் "மின்னல் அல்ல, மின்கசிவு" என்று எழுதின. தலைப்பு எழுதுகிறவர்களுக்கு மட்டும் எந்தக் காலத்திலும் தடை வருவதில்லை.

நடந்தது இதுதான். இறுதி ஓட்டம் முடிந்து மின்னல் தரையில் மல்லாந்து கிடந்தான். நானூறு ஓடி முடித்தவன் பத்து நிமிடத்துக்கு மனிதக் கணக்கில் வரமாட்டான். கால் உதறும், குமட்டும், பேனாவைக் கொடுத்தால் காய்ச்சல் பார்ப்பதற்கு என்று நினைத்து வாயில் வைத்துக்கொள்வான். சோதனை அதிகாரிகள் அந்த நேரம் பார்த்துத்தான் படிவத்தை நீட்டுவார்கள்: கடந்த ஏழு நாட்களில் உட்கொண்ட மருந்துகள் யாவை? அதனால் ஓடியவன் சொல்லச் சொல்லக் கால் பிடிப்பவர் எழுதுவது மைதானங்களின் எழுதாத வழக்கம். "சளி மாத்திரை மாமா, மூணு நாள்" என்றான் மின்னல். கைக்காரர் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து, சளி மாத்திரை, மூன்று நாள் என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்.

அந்த மாத்திரை எவருடைய சளியையும் போக்கக்கூடியது அல்ல என்றது ஆய்வகம்.

விசாரணைக்கு முந்தின நாள், கைக்காரரின் சமையலறைத் தரையில், அக்கா மடியில் தலைவைத்து மின்னல் அழுதான். "நான்தான் வாங்கினேன் மாமா. உங்களுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவீங்கன்னு மறைச்சு வெச்சேன். பயந்துட்டேன்."

"நாளைக்கு இதையே சொல்லு. ஒரு எழுத்து கூட்டாத, குறைக்காத" என்றார் கைக்காரர்.

மறுநாள் விசாரணைக் குழு, மாத்திரை யார் கொடுத்தது என்று கேட்டது. மின்னல் மேசையைப் பார்த்தான். மேசையில் படிவம் கிடந்தது. "இத எழுதினது மாமாதான்" என்றான். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவும் இல்லை. நான் கொடுக்கவில்லை என்று கைக்காரர் சொன்னதை, "எதிர்பார்க்கத்தக்க மறுப்பு" என்று குழு குறித்துக்கொண்டது. கூடப்பிறந்தவள் சாட்சி செல்லாது என்றார்கள். அதைக் கேட்டு மனைவி நிம்மதியாக மூச்சு விட்டதை, மின்விசிறிச் சத்தம் என்று கைக்காரர் எடுத்துக்கொண்டார்.

ஏமாந்தவனுக்கு இரண்டு வருடத் தடை. ஏமாற்றியவருக்கு ஆயுள் தடை. மைதானத்துக்குள் நுழைய அவர் கழுத்தில் மாட்டியிருந்த அட்டையைச் சங்கச் செயலாளர் தன் கையாலேயே கழற்றினார். நல்ல மனிதர். போன மாதம் வளாகத்தில் பார்த்தபோதுகூட ஐந்தாம் நம்பரில் இடுப்பைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "நாலு பேர் கேக்க அவன் வாயால ஒரு வரி வரட்டும். அடுத்த வாரமே உங்க அட்டை உங்க கைக்கு வந்துடும்."

அந்த ஒரு வரியைத் தருவதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை மின்னல் வீட்டுக்கு வந்தான்.

"மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது, நானே வாங்கி நானே போட்டேன். இப்படிச் சொல்லிடறேன் மாமா. போதுமா?"

"போதும்டா."

"இன்னும் ஏதாவது சேக்கணுமா?"

"வேண்டாம். அழுகை கிழுகை எல்லாம் உன் இஷ்டம்."

அக்கா சிரித்துக்கொண்டே இருவருக்கும் டீ கொண்டுவந்தாள். அந்த வாரமே கணவருக்கு ஒரு புதுச் சட்டையும் வாங்கினாள்; வெளிர் நீலம், முழுக்கை. "டிவியில வரப்போறீங்க, காலர் தேஞ்ச சட்டையோடவா போவீங்க?" என்றாள். மூன்று வருடத்தில் அவள் அவருக்கு வாங்கிய முதல் சட்டை. கைக்காரர் கண்ணாடி முன் நின்று, தனக்கு இன்னும் தோள் இருக்கிறது என்பதைக் கவனித்தார்.

படப்பிடிப்பு அரங்கின் ஒப்பனை அறையில் ஒரு பெண் அவருக்காகக் காத்திருந்தாள். மன்னிப்பு ஆலோசகர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். கெட்ட பெயர் எடுத்த ஆட்டக்காரர்களைப் பொதுமக்கள் மன்னிப்பதற்கு ஏற்பாடு செய்வது அவள் தொழில்.

"இதுவரைக்கும் பதினோரு பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கேன் சார். ஒரு நீச்சல்காரர் மட்டும்தான் கைவிட்டுப் போயிட்டார்."

"ஏன்?"

"உண்மைய சொல்லிட்டார்." பெருமூச்சு விட்டாள். பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சட்டை பிரமாதம். உங்க வீட்டம்மா கெட்டிக்காரங்க. கோடு போட்டது வேண்டாம், கேமராவுல ஆடும்னு போன வாரம் சொன்னேன்; சரியா எடுத்திருக்காங்க."

"அவகிட்ட பேசினீங்களா?"

"மூணு தடவை. ஸ்கிரிப்ட் முழுக்கப் படிச்சுக் காட்டினேனே."

கைக்காரருக்கு மனம் குளிர்ந்தது. தனக்கு முன்பே அந்த வரியை அவள் காதால் கேட்டுவிட்டாள். அதனால்தான் புதுச் சட்டை. விஷயம் இதுதான் என்று முடிவுசெய்துகொண்டு, முன்வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய திரை. நேரலையில் மக்கள் வாக்களிக்க வாக்களிக்க, எத்தனை சதவீதம் பேர் மன்னித்தார்கள் என்று எண் ஓடிக்கொண்டிருந்தது. மின்னல் வந்து உட்கார்ந்தபோது நாற்பத்தொன்று. சின்ன வயதில் செருப்பில்லாமல் ஓடியதைச் சொன்னபோது ஐம்பத்திரண்டு. அவனுக்கு எப்போதும் செருப்பு இருந்தது. ஒரு ஜோடி கைக்காரரே வாங்கிக்கொடுத்தது. போகட்டும் என்று விட்டார். தடைக்காலத்தில் விடியற்காலை தனியாக ஓடியதைச் சொன்னபோது அறுபத்துமூன்று.

தொகுப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "இத்தனைக்கும் காரணமானவங்க மேல கோபமே இல்லையா?"

இதோ வருகிறது என்று கைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இல்ல" என்றான் மின்னல். "என் வீட்டு மனுஷர நம்பினேன். அவர் கொடுத்தத என்ன ஏதுன்னு கேக்காம சாப்பிட்டேன். நம்பினது தப்புன்னா, அந்தத் தப்ப மறுபடியும் செய்வேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மாமா, உங்கள நான் மன்னிச்சுட்டேன்."

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எந்த மாமா என்று பார்க்கக் கைக்காரர் பின்பக்கம் திரும்பினார். அதற்குள் விளக்கு அவர் மேல் விழுந்துவிட்டது. யாரோ இரண்டு பேர் பணிவாக முழங்கையைப் பிடித்து அவரை மேடையேற்றினார்கள். மின்னல் ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

"டேய், அந்த வரி எங்கடா?" என்றார் அவன் காதில்.

"அப்புறம் பேசலாம் மாமா. கேமரா ஓடுது."

தொகுப்பாளர் மைக்கை நீட்டினார். "இந்த நேரத்துல என்ன சொல்லணும்னு தோணுது சார்?"

"நான் எந்த மாத்திரையும் கொடுக்கல" என்றார் கைக்காரர்.

தொகுப்பாளர் அவர் தோளில் மெல்லக் கைவைத்தார். "ஒத்துக்கறதுக்குக் காலம் ஆகும். அந்தக் காலத்த நாம அவருக்குக் கொடுப்போமா?" கொடுப்போம் என்று ஜனங்கள் ஒரே குரலில் கத்தினார்கள். திரையில் எண்பத்தாறு.

முன்வரிசையில் மனைவி கைதட்டிக்கொண்டிருந்தாள். அவர் பார்ப்பதைப் பார்த்ததும் தட்டுவது நின்றது. சேர்ந்த கைகள் மட்டும் அப்படியே இருந்தன.

சாயங்காலம் வீட்டில் அவர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் கேட்டார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கிழமை."

"சட்டை எடுத்தது?"

"வியாழன்." சொல்லிவிட்டுச் சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். "அணியில ஒரே ஒரு இடம்தாங்க இருக்கு. தானே வாங்கிப் போட்டவன மன்னிக்க ஜனங்களுக்கு ரெண்டு வருஷம் ஆகுமாம். ஏமாந்தவன்னா ஒரு மணி நேரம் போதுமாம். அந்தம்மா கணக்கோட காமிச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அவன் கால்ல என்னங்க இருக்கும்?"

"அப்ப நான்?"

"நீங்க தாங்கிப்பீங்கன்னு நெனச்சேன்."

கேட்பதற்குப் பாராட்டு போலத்தான் இருந்தது. கைக்காரர் கொஞ்ச நேரம் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முயன்றார், முடியவில்லை. இத்தனை நாளும் தாங்குகிறார் என்பதால்தான் எல்லோரும் அவர் மேலேயே ஏற்றிவைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் பட்டது.

அடுத்த நாலு நாளும் வளாகத்தில் ஜனங்கள் அவரைத் தேடித் தேடி வந்து மன்னித்தார்கள். ஒரு ஜோடி அவரோடு படம் எடுத்துக்கொண்டது. முடிவெட்டும் கடைக்காரர் கையைப் பிடித்து, "நாங்க எல்லாரும் உங்கள மன்னிச்சாச்சு, நீங்கதான் உங்கள மன்னிக்கணும்" என்றார். மூன்றாம் நம்பரில் தோளைக் கொடுத்திருந்த ஒரு அப்பா சொன்னார்: "என் பொண்ணும் ஓடறா சார். உங்கள மாதிரி ஆளுங்ககிட்ட ஜாக்கிரதையா இருன்னு சொல்லி வெச்சிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க." தப்பா எடுத்துக்கல என்றார் கைக்காரர். சங்கச் செயலாளர் அந்த வாரம் இடுப்புவலிக்கு வேறு மாடியில் வைத்தியம் பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை மின்னல் வீட்டுக்கு வந்தான். சனிக்கிழமை தேர்வு ஓட்டம்.

"தொடை ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு மாமா. அணியில புதுசா ஒருத்தர் வந்திருக்கார், முழங்கையால இடிக்கறார். நீங்க தொட்டாதான் இளகும்."

அதற்குள் அக்கா பரணிலிருந்த மடக்கு மேசையை இறக்கி, கூடத்தில் விரித்து, துண்டும் போட்டுவிட்டாள். மின்னல் குப்புறப் படுத்தான். கைக்காரர் வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் கால் கண்ணில் பட்டதும் கை அவரைக் கேட்காமலே எண்ணெய் எடுத்துக்கொண்டது.

வலது காலிலிருந்து ஆரம்பித்தார். பின்தொடையில் ஒரு விரல்கடை நீளத்துக்கு முடிச்சு. கட்டைவிரலை வைத்துப் பொறுமையாக அழுத்தினார். அந்தத் தொழிலில் சேர்கிறவன் முதலில் கற்பது ஒரு காலைப் பிடித்தால் மற்றதையும் பிடித்தாக வேண்டும் என்பதுதான். ஒன்று இளகி ஒன்று இறுகியிருந்தால் வளைவில் உடம்பு ஒரு பக்கம் இழுக்கும். அதைவிட இரண்டையும் தொடாமலே விட்டுவிடலாம். கொஞ்சம் கொஞ்சமாக முடிச்சு கரைந்தது. மின்னல் "ஆங்... அங்கதான் மாமா" என்று முனகினான்.

"டேய்."

"சொல்லுங்க மாமா."

"கதவு சாத்தியிருக்கு. நீ, நான், உன் அக்கா. கேமரா இல்ல, குழு இல்ல. வெளியில சொல்லவே வேண்டாம். எங்கிட்ட மட்டும் அந்த வரிய ஒரு தடவை சொல்லிடு."

துண்டில் புதைந்த வாயால் மின்னல் சொன்னான்: "மாமா, அத எத்தனையோ இடத்துல எப்படி எப்படியோ சொல்லியாச்சு. எனக்கே இப்ப சரியா ஞாபகம் இல்ல. நெசமா. ஆனா நீங்களும் அந்த வாரம் ஏதோ ஒரு மாத்திரை கொடுத்தீங்கதானே?"

கைக்காரரின் கை அவன் தொடை மேலேயே இருந்தது. வலிக்கவில்லை என்று பொய் சொல்லும் ஓட்டக்காரர்கள் ஆயிரம் பேரை அந்தக் கை பார்த்திருக்கிறது. வாய் என்ன சொன்னாலும் தொடை இறுகிக் காட்டிக்கொடுத்துவிடும். அவர் காத்திருந்தார். இறுகவில்லை. வெண்ணெய் போலக் கிடந்தது. அவன் பொய் சொல்லவில்லை, நம்பிவிட்டான்.

மனைவியைப் பார்த்தார். "நீ சொல்லு. சமையலறையில உன் மடியில படுத்துக்கிட்டு இவன் என்ன சொன்னான்?"

அவள் எண்ணெய்ப் புட்டியின் மூடியைத் தேடினாள். "எதுக்குங்க இப்ப அதெல்லாம்? சனிக்கிழமை ஓட்டம் அவனுக்கு."

கைக்காரர் துண்டின் நுனியில் கையைத் துடைத்துக்கொண்டார். விரல் விரலாக, நிதானமாக.

"என்ன மாமா, இடது கால்?"

"பிடிச்சுட்டேனே."

"இல்ல மாமா, வலது மட்டும்தான்..."

"ரெண்டும் பிடிச்ச மாதிரிதான் எனக்கு ஞாபகம்" என்றார் கைக்காரர். செருப்பை மாட்டினார். வளாகம் பத்து மணிக்குத் திறக்கும். பத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே நாற்காலிகளைத் துடைத்து வைக்க வேண்டும்.

கதவைத் திறக்கும்போது, மின்னல் மேசையிலிருந்து இறங்கிக் கூடத்தில் நடந்து பார்ப்பது கேட்டது. ஒரு அடி மெத்தென்று விழுந்தது, ஒரு அடி தொப்பென்று விழுந்தது. "அக்கா, மாமாகிட்ட சொல்லுக்கா" என்று அவன் கெஞ்சினான். அவள் வாசல்வரை வந்தாள். அவர் படியிறங்கித் தெருத் திரும்பும்வரை அவரை எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றாள்.