நூற்றுக்குத் தொண்ணூற்றாறு

அந்தக் கம்பெனியில் அவனுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி. மற்றபடி எல்லாருக்கும் அவன் மில்லிமீட்டர். கேலிக்கு வைத்த பெயர்தான். அவனோ அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டு தலை நிமிர்ந்து திரிந்தான். வீட்டில் ஒரு படம் மாட்டுவதென்றால்கூட சுவரை நாலு பக்கமும் அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, தள்ளி நின்று ரசிப்பான். ஆணி அடிக்க மட்டும் மனைவியைக் கூப்பிடுவான்.

தொட்டி நிறைந்ததும் தண்ணீர் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவிகளைச் செய்கிற சின்னக் கம்பெனி அது. கருவிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டை வரைவது இவன் வேலை. அந்த போர்டு உட்காரும் பிளாஸ்டிக் பெட்டியை வரைவது இவன் மனைவியின் வேலை. ஆக, இவன் சொல்லும் அளவுக்குத்தான் அவள் பெட்டி போட வேண்டும். வீட்டில் நடப்பதும் ஏறக்குறைய அதுவேதான்.

போர்டு செய்ய வெளியே கொடுப்பதற்கு முன்னால், வரைந்ததை அசல் அளவில் காகிதத்தில் அச்செடுத்து, அட்டையில் ஒட்டி வெட்டி, நிஜப் பாகங்களை அதில் குத்திப் பார்ப்பது அந்தத் தொழிலில் நல்ல பழக்கம். திரையில் எதையும் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் காட்டலாம். காகிதத்தில் சாயம் வெளுத்துவிடும். மற்றவர்கள் ஓரமாக உட்கார்ந்து செய்துவிட்டுப் போகிற இந்த வேலையை மில்லிமீட்டர் ஒரு சடங்காகவே ஆக்கி வைத்திருந்தான். புதுக் கத்தரிக்கோல், புதுப் பசை, சுற்றிலும் நிற்க நாலு பேர். வெட்டி முடித்ததும் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "கம்ப்யூட்டர் பொய் சொல்லும், நம்ம பேப்பர் சொல்லாது" என்பான். நாலு பேரும் தலையாட்டுவார்கள். ஆட்டாவிட்டால் மறுபடியும் சொல்வான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் அட்டையோடு மீட்டிங் அறைக்குள் வந்தான். முதலாளி இருந்தார். அவர் பக்கத்தில், வேலை எதுவும் இல்லாததால் எல்லா மீட்டிங்குக்கும் வருகிற அவருடைய மாப்பிள்ளை இருந்தார். மேசை நடுவில் மனைவி செய்துகொண்டு வந்த மாதிரிப் பெட்டி இருந்தது. மில்லிமீட்டர் அட்டையைப் பெட்டிக்குள் வைத்தான். அப்பாவின் செருப்புக்குள் பிள்ளை காலை விட்டது போல, சுற்றிலும் இடம் விட்டு அது லொடலொடவென்று ஆடியது.

"என்னம்மா இது? போர்டு உள்ள ஓடிப் பிடிச்சு விளையாடுது!" என்றார் முதலாளி.

மாப்பிள்ளை பெரிதாகச் சிரித்தார். மனைவி வெர்னியர் அளவுகோலை எடுத்துப் பெட்டியின் உட்புறத்தை எல்லார் முன்னாலும் அளந்தாள். "எனக்குக் குடுத்த அளவு நூத்தி ஐம்பது. இது சரியா இருக்கு சார். அந்த அட்டையையும் ஒரு தடவை அளந்துடலாமே?"

மில்லிமீட்டருக்குச் சுருக்கென்றது. "என் பேப்பரையா?" என்று கேட்டான். கேட்ட விதத்தில் அறையே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். "அம்மா, நீ யாரை அளக்கச் சொல்றேன்னு தெரியுதா? மில்லிமீட்டரையே அளக்கணுமா?" அட்டையை எடுத்து இவன் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். சிரிப்போடு சிரிப்பாக முதலாளி ஒன்று சொன்னார். பெட்டி வரைகிற வேலையை இனி மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார். அம்மா பேக்கிங் பக்கம் போய் ஆட்களை மேற்பார்வை செய்யட்டும். திங்கட்கிழமை முடிவு செய்துவிடலாம். பெட்டிக்கும் மாப்பிள்ளைக்கும் உள்ள ஒரே தொடர்பு, அவர் மதியச் சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டுவருவதுதான். அதை யாரும் சொல்லவில்லை.

பெட்டி வரைகிற வேலை மனைவிக்கு உயிர். இரண்டு கம்பெனிகளில் பெண் என்பதற்காகவே வரைகிற மேசையைக் கொடுக்காமல், போன் எடுக்க உட்கார வைத்திருந்தார்கள். இங்கேதான் முதன்முதலாக அவள் வரைந்த ஒன்று பொருளாகிக் கடைக்குப் போனது. கடைகளில் அந்தப் பெட்டியைப் பார்த்தால் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் வருவாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "நீங்க குடுத்த அளவைத்தானே வெச்சேன்?"

"பழைய ஃபைலை எடுத்திருப்ப. அவசரத்துல நடக்கிறதுதான். விடு" என்றான் பெருந்தன்மையாக.

அவள் விடவில்லை. சனிக்கிழமை காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவன் அனுப்பிய ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, தான் எங்கே தப்புச் செய்தோம் என்று தேடிக்கொண்டிருந்தாள். செய்யாத தப்பு எங்கே கிடைக்கும்? கிடைக்காததால் இன்னும் ஆழமாகத் தேடினாள்.

மில்லிமீட்டர் அடுத்த அறையில் பாகங்களை அட்டையில் குத்திப் பார்க்கிற வேலையைத் தொடங்கினான். சின்னச் சின்னப் பாகங்கள், இரண்டு கால் உள்ளவை, ஒழுங்காக இறங்கின. வரிசையாக நிறைய பின்கள் உள்ள நீளமான கனெக்டரை எடுத்தான். முதல் பின் ஓட்டையில் இறங்கியது. நடுவில் உள்ளவை ஓரத்தில் முட்டின. கடைசிப் பின் ஓட்டையைத் தாண்டி வெளியே போய் நின்றது. கனெக்டர் செய்தவனைத் திட்டிவிட்டு வேறொன்றை எடுத்தான். அதுவும் அப்படியே நின்றது. கம்பெனி கம்பெனியாக எல்லாரும் சேர்ந்து இவனுக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று நம்புவதற்கு அவனுக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஸ்கேலை எடுத்து அட்டையை அளந்தான். நூற்று ஐம்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்று நாற்பத்து நாலு இருந்தது.

ஆபீசில் புதிதாக வந்த பிரிண்டர் செய்த வேலை. காகிதத்தின் ஓரத்தில் எதுவும் வெட்டுப்பட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், படத்தை நூற்றுக்குத் தொண்ணூற்றாறாகச் சுருக்கி அச்சடித்திருக்கிறது. அச்சடிக்கும் முன் அசல் அளவு என்ற கட்டத்தைத் தொட்டிருந்தால் போதும். தொடவில்லை. பழைய பிரிண்டரில் தொட வேண்டிய தேவை இல்லை. அச்சானதும் ஒருமுறை அளந்திருக்கலாம். ஊரையே அளக்கிறவன் தன் காகிதத்தை அளக்கவில்லை.

பக்கத்து அறையில் மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எழுந்தும் விட்டான். கதவு வரை போனவன், அவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்குவதைப் பார்த்துவிட்டு, "காபி போடட்டுமா?" என்று கேட்டான். அவன் காபி போடுவது அபூர்வம். அவன் தன்மேல் பரிதாபப்படுகிறான் என்று நினைத்து, அவள் வேண்டாம் என்றாள். உண்மையில் அவனுக்குத் தன்மேல்தான் பரிதாபம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் தனக்குள் பேசிப் பார்த்தான். திங்கட்கிழமை சபையில் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் கம்பீரமாகச் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியத்தை அமைத்தான், திருத்தினான், கண்ணாடி முன் நின்று பார்த்தான். தப்பை ஒப்புக்கொள்வதிலும் ஒரு துல்லியம் வேண்டும் அல்லவா?

திங்கட்கிழமை மீட்டிங் அறையில் அதே நாற்காலிகள், அதே முகங்கள். முதலாளி தொடங்குவதற்குள் மில்லிமீட்டர் எழுந்து நின்றான்.

"சார், தப்பு பெட்டியில இல்ல. என் பேப்பர்லதான். அளவு சுருங்கிப் பிரிண்ட் ஆயிடுச்சு."

மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். மூன்று நாளாகத் தொலைந்து போயிருந்த முகம் திரும்பி வந்தது. முதலாளி இவனை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து இவன் தோளில் கை போட்டார்.

"பார்த்தீங்களாய்யா! பொண்டாட்டிக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கிறான். மில்லிமீட்டர் தப்பா அளப்பானா? இந்தக் காலத்துல இப்படி ஒரு புருஷன் கிடைப்பானா? அம்மா, நீ குடுத்து வெச்சவ!"

மாப்பிள்ளைதான் முதலில் கைதட்டினார். அவருக்குக் காரணமும் இருந்தது. மற்றவர்களும் தட்டினார்கள். மில்லிமீட்டர் வாயைத் திறந்தான். அறை மூலையில் பிரிண்டர் இருந்தது. அசல் அளவில் ஒரு தாள் எடுத்துப் பெட்டிக்குள் வைத்துக் காட்டியிருக்கலாம். அதற்குள் கைதட்டல் காதுக்கு இதமாகப் பட்டுவிட்டது. திறந்த வாய் அப்படியே சிரிப்பாகிவிட்டது.

முதலாளி, பேக்கிங் பக்கம் நாளையிலிருந்தே போகலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மாப்பிள்ளையோடு தன் அறைக்குப் போனார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

"நிஜமாவே சுருங்கிடுச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"ம்."

"எப்பத் தெரியும்?"

"சனிக்கிழமை."

சனிக்கிழமை தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அவளுக்கு நினைவு இருந்தது. கம்ப்யூட்டரில் அவன் ஃபைலைத் திறந்தாள். அசல் அளவு என்ற கட்டத்தைத் தொட்டாள். பிரிண்டர் ஒரு தாளைத் தள்ளியது. கத்தரிக்கோலால் வெட்டி மாதிரிப் பெட்டிக்குள் வைத்தாள். நாலு ஓரமும் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தது.

"இப்ப வேணாம்" என்றான் அவன் அவசரமாக. "நல்ல நேரம் பார்த்து, நானே அவர்கிட்ட தனியா பேசிக்கிறேன்."

"தப்பை எல்லார் முன்னாடியும் என் தலையில போட்டீங்க. எடுக்கிறத மட்டும் தனியாவா எடுப்பீங்க?"

பெட்டியை ஒரு கையிலும் ஸ்கேலை மறு கையிலும் எடுத்துக்கொண்டு நடந்தாள். முதலாளியின் அறை நாலு மேசை தள்ளித்தான் இருந்தது. எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கூடப் போனால் மானம் போகும், போகாவிட்டால் மனைவி போய்விடுவாள் என்று மில்லிமீட்டர் அளந்துகொண்டு நின்றான். அளந்து முடிப்பதற்குள் அவள் கதவைத் தட்டிவிட்டாள்.